போட்டோவில் பாடி கட்டுவது எப்படி: நான்கு கதவு பத்மினியை இரண்டு கதவு கூப்பேயாக்க முழுமையான வழிகாட்டி

மும்பை அன்டாப் ஹில்லில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் என் முதல் படத்தைக் காட்டினேன். நான்கு கதவு பிரீமியர் பத்மினியை இரண்டு கதவு கூப்பேயாக (கூரை பின்னால் சரிந்து இறங்கும் கார்) மாற்றி, கூரையை நன்றாகத் தாழ்த்தி, மூன்று இரவு கணினியில் உட்கார்ந்து செய்த படம். போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. இந்தப் பின்னாடிக் கண்ணாடி எங்க இறங்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

"கீழ சக்கரம் இருக்குல்லா? கண்ணாடி இறங்க எடம் வேணும்லா? சரி, பின்சீட்டுல இருக்கவன் தலைய எங்க வைப்பான்? மழத்தண்ணி எப்படி வடியும்?"

"படம்தானே அண்ணாச்சி" என்றேன்.

"படம்னாலும் காரு தான தம்பி" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

கண்ணாடி எங்கே இறங்கும், தலை எங்கே இருக்கும், தண்ணீர் எப்படி வடியும். அந்த மூன்று கேள்விகளும் எனக்கு எடிட்டிங் பாடங்கள் சொல்லித் தராததைச் சொல்லித் தந்தன. லாரிக்கு நாமக்கல், பஸ்ஸுக்குக் கரூர் என்று நம் ஊரில் பாடி கட்டுகிறவர்கள் முதலில் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, அளந்துவிட்டுத்தான் தகடு வெட்டுவார்கள். போட்டோவில் பாடி கட்டுவதற்கும் அதே வரிசைதான். கீழே இருப்பது அந்த வரிசையில், பத்மினியை வைத்து, நான் இப்போது வேலை செய்யும் முறை.

ஏன் போட்டோவில்?

நிஜக் காரில் செய்ய முடியாது என்பதுதான் முதல் காரணம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் பதிவு விதி இன்னும் கறார். 50 வயது தாண்டிய கார், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமில்லாமல் அசல் நிலையில் இருந்தால்தான் 'விஏ' எழுத்துள்ள நம்பர் கிடைக்கும். பத்மினி என்ற பெயர் வந்தது 1974இல். அந்த முதல் வருடத்துக் கார்கள் இப்போதுதான் 50ஐக் கடந்திருக்கின்றன. ஒரு கூப்பே ஆசைக்காக, இரு கதவுகளுக்கு நடுவே நிற்கும் அதன் நடுத்தூணை அறுப்பது பாவம் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் மனசு சார்ந்தது. குர்லா ஆலையில் பிறந்த இந்தக் கார், கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக மும்பையில் அரை நூற்றாண்டு ஓடி, 2023 அக்டோபர் கடைசியில் டாக்ஸித் தொழிலிலிருந்து விடைபெற்றது. என் பெரியப்பா சயானிலிருந்து கொலாபா வரை அதை ஓட்டித்தான் எங்கள் வீட்டில் இரண்டு பேரைப் படிக்க வைத்தார். அந்தக் காருக்கு இன்னும் என்னென்ன முகங்கள் இருந்திருக்கலாம் என்று யோசிப்பது எனக்கு அதைத் தொடர்ந்து ஓட்டுவது மாதிரி.

கருவிகள்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. போட்டோஷாப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஜிம்ப் இலவசம். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களை அசல் லேயரைக் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) கெடுக்காமல் போட்டு, பிறகு திருத்தும் வசதி வந்துவிட்டது. கணினியில் எதையும் ஏற்ற முடியாதவர்கள் பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீயைப் பயன்படுத்தலாம். லேயர், மாஸ்க் (லேயரில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று மறைப்பது), பென் டூல் (வளைகோடு வரைவது), க்ளோன் (ஓரிடத்தை இன்னோர் இடத்தில் நகலெடுப்பது), ஹீல் (சுற்றுப்புறத்தோடு கலந்து அழிப்பது), வார்ப் (வளைத்து நீட்டுவது) இந்த ஆறும் இருந்தால் போதும். மவுஸிலேயே செய்யலாம். பிரதிபலிப்பைத் தீட்டும்போது மட்டும் பேனா டேப்லட் கைக்குச் சுகம்.

படி 1: போட்டோ எடுப்பது

பாதி வேலை இங்கேதான். போட்டோ சரியில்லை என்றால் பின்னால் எவ்வளவு உழைத்தாலும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரிதான் இருக்கும்.

முதல் காருக்கு நேர்ப் பக்கவாட்டுப் படமே எடுங்கள். முக்கால் கோணம் பார்க்க அழகு. ஆனால் அதில் ஒவ்வொரு கோடும் எங்கோ தூரத்துப் புள்ளிக்கு ஓடும், கணக்கு கைவிட்டுப் போய்விடும்.

தள்ளி நில்லுங்கள். பலரும் மூன்று மீட்டரில் நின்று படம் பிடிக்கிறார்கள். பத்மினியின் அகலம் 1.46 மீட்டர். மூன்று மீட்டரில் நின்றால் எதிர்ப்பக்கத்துச் சக்கரம் இந்தப் பக்கத்துச் சக்கரத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவில்தான் தெரியும். 12 மீட்டருக்குப் போனால் அது கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்காகிவிடும். கார் உருக்குலைவதற்குக் காரணம் நிற்கும் தூரம்தான், லென்ஸை யாரும் குறை சொல்ல வேண்டாம். 12 மீட்டர் தள்ளி நின்று, போனில் 3 மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் போடுங்கள். கார் படத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிறையும்.

கேமரா உயரம் கதவுக் கைப்பிடி மட்டத்தில் இருக்கட்டும். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் கூரையின் மேல்பக்கம் தெரியும், பிறகு கூரையைத் தொடும்போது அந்த மேல்பக்கத்தையும் புதிதாகப் படைக்க வேண்டிவரும். ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.

வெளிச்சம் மேகமூட்டமாக இருக்க வேண்டும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் மழை விட்ட உடனே எடுக்காதீர்கள். ஈரத் தார் ரோடு காரைக் கண்ணாடி மாதிரித் திருப்பிக் காட்டும், நீங்கள் மேலே மாற்றுவதையெல்லாம் கீழேயும் மாற்ற வேண்டும். மாட்டுங்கா பக்கம் ஃபைவ் கார்டன்ஸ் மரநிழலில் நிறுத்தி எடுக்க ஆசை வரும். இலைநிழல் கண்ணுக்கு அழகு, எடிட்டிங்குக்கு எதிரி. தகடு முழுக்கப் புள்ளி புள்ளியாக விழும் அந்த வெளிச்சத்தைப் புதிய தகட்டில் மறுபடி உண்டாக்க முடியாது. நான் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் பல்லார்ட் எஸ்டேட் போய்விடுவேன். ஆபீஸ் வண்டிகள் இருக்காது, தெரு அகலம், பின்னால் ஒரே நிறத்துக் கல் சுவர்.

காருக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். நம்பர் பிளேட்டை மறைப்பதை முதல் லேயரிலேயே செய்துவிடுங்கள்.

கார் நின்ற இடத்திலேயே, கார் போன பிறகு, கேமராவை அசைக்காமல் வெற்றுத் தெருவையும் ஒரு படம் எடுக்க முடிந்தால் அது தங்கம். ஏன் என்று நான்காம் படியில் தெரியும்.

படி 2: அளவு வைப்பது

யாரும் சொல்லித் தராத, ஆனால் எனக்கு எல்லாவற்றையும் மாற்றிய படி இது.

பத்மினியின் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையிலான தூரம் 2340 மில்லிமீட்டர். படத்தைச் சமமட்டமாக்கிய பிறகு, அந்த இரு மையங்களுக்கு இடையே 1170 பிக்சல் வரும்படி முழுப் படத்தையும் சுருக்குங்கள். இப்போது உங்கள் படத்தில் ஒரு பிக்சல் என்பது 2 மில்லிமீட்டர். 3930 மில்லிமீட்டர் நீளமுள்ள கார் 1965 பிக்சலில் நிற்க வேண்டும். சரிபாருங்கள், ரொம்ப விலகினால் நீங்கள் நேர்ப் பக்கவாட்டில் நிற்கவில்லை என்று அர்த்தம்.

அம்பாசடர் என்றால் 2464 மில்லிமீட்டர், ஆக 1232 பிக்சல். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்றால் 2324, ஆக 1162.

இந்த ஒரு காரியத்தைச் செய்தவுடன் படம் பட்டறை வரைபடமாக மாறிவிடும். கதவை 220 மில்லிமீட்டர் நீட்டலாமா என்று யோசிக்கலாம், 110 பிக்சல் நகர்த்திப் பார்க்கலாம். அண்ணாச்சியிடம் பேச ஒரு பொதுமொழி கிடைக்கும்.

சக்கரங்கள் இரண்டையும் இப்போதே பூட்டிவிடுங்கள். தனி லேயரில் எடுத்து, லாக் போட்டு வையுங்கள். கடைசி வரை அவை நகரக் கூடாது. முன்கண்ணாடியையும், அதைத் தாங்கும் முன்தூணையும்கூட நான் தொடுவதில்லை. வளைந்த முன்கண்ணாடியைப் புதிதாக வார்ப்பது சாதாரணப் பட்டறையால் ஆகாத காரியம். அசல் கண்ணாடியே பொருந்தும்படி வரைந்தால் கார் தன்னாலேயே நம்பும்படி இருக்கும்.

படி 3: ஆளை உட்கார வைப்பது

ஒரு புது லேயர். சிவப்புக் கோட்டில், முன்சீட்டில் ஒருவர், பின்சீட்டில் ஒருவர். அமர்ந்த நிலையில் இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 450 பிக்சல். தலைக்கு மேல் ஒரு கைவிரல் அகலம், அதற்கு மேல் உள்துணி, பிறகுதான் தகடு.

என் முதல் படத்தில் கூரையை 120 மில்லிமீட்டர் இறக்கியிருந்தேன். சிவப்பு மனிதரை உட்கார வைத்தபோது பின்சீட்டுக்காரரின் தலை கூரையைப் பொத்துக்கொண்டு வெளியே இருந்தது. இப்போது முன்சீட்டுக்கு மேல் கூரையை இறக்குவதே இல்லை. பின்சீட்டுக்காரரின் உச்சந்தலையைக் கடந்த பிறகுதான் சரிவைத் தொடங்கி, பின்கண்ணாடி வரும்போது 40 மில்லிமீட்டர் மட்டும் இறங்குகிறேன். பார்ப்பவர்களுக்கு அந்த 40 போதும். சரிவின் வேகம்தான் கூப்பேயைக் கூப்பேயாகக் காட்டுகிறது.

அதே லேயரில் மூன்று கோடுகளை மட்டும் வரையுங்கள்: கூரைக்கோடு, கண்ணாடிக்குக் கீழே ஓடும் இடுப்புக்கோடு, கதவுக்கு அடியில் ஓடும் வாசல்கோடு. பத்மினியின் குணம் இடுப்புக்கோட்டில் இருக்கிறது. ஹெட்லைட்டில் தொடங்கி பின்பக்கத் துடுப்பு முனை வரை ஏறக்குறைய நேராக ஓடும் அந்தக் கோட்டை வளைத்துவிட்டால் அது வேறு யாருடைய காரோ. தலை இடிக்காத வரை கூரையில் விளையாடுங்கள், இடுப்பில் கை வைக்காதீர்கள்.

படி 4: பின்னணியைத் துப்புரவாக்குவது

கூரையை இறக்கினால் அங்கே ஒரு வெற்றிடம் வரும். அங்கே சுவர் தெரிய வேண்டும். கார் இல்லாத தெருவைப் படம் எடுத்திருந்தால் அதைக் கீழ் லேயராக வைத்தாலே முடிந்தது. இல்லையென்றால் காரைச் சுற்றி ஒரு முழங்கை அளவு சுவரை க்ளோன் டூலால் முதலிலேயே கட்டி வையுங்கள். காரை மாற்றிய பிறகு ஓட்டைகளை அடைக்கிறேன் என்றால் விளிம்பெல்லாம் அழுக்காகும்.

பிறகு பென் டூலால் வெட்டுங்கள்: பாடி, கண்ணாடிகள், குரோம், நிழல், ஒவ்வொன்றும் தனி லேயர். வளைவுக்கு வளைவு குறைந்த புள்ளிகள் வையுங்கள். பத்மினியின் கூரை முழுக்க ஐந்தாறு புள்ளிகளில் அடங்கும். இருபது வைத்தால் தகடு அடிபட்ட மாதிரி நெளியும். மாஸ்க் விளிம்பை ஒரு பிக்சல் மட்டும் மென்மையாக்குங்கள்.

படி 5: கதவை நீட்டுவது

இரண்டு கதவு கார் என்றால் பின்சீட்டுக்கும் அந்த ஒரே கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். முன்சீட்டு முதுகை மடித்த பிறகு ஒரு கால் நுழைய இடைவெளி வேண்டும். அதனால் நடுத்தூணைப் பின்னால் தள்ளியாக வேண்டும். நான் தள்ளியது 220 மில்லிமீட்டர்.

முழுக் கதவையும் செலக்ட் செய்து இழுக்காதீர்கள். கைப்பிடி பிசின் மாதிரி நீளும், கதவின் முன்மூலையில் உள்ள சின்னக் கண்ணாடியான கார்னர் கிளாஸ் முக்கோணம் தட்டையாகும், பார்த்த உடனே பொய் தெரிந்துவிடும். கதவை மூன்று துண்டாக நினையுங்கள். கீல் பக்கமும் கார்னர் கிளாஸும் உள்ள முன்துண்டு, எதுவும் இல்லாத நடுத்துண்டு, கைப்பிடியும் பூட்டும் உள்ள பின்துண்டு. பின்துண்டை அப்படியே 110 பிக்சல் பின்னால் நகர்த்துங்கள். நடுத்துண்டை மட்டும் நீட்டி இடைவெளியை நிரப்புங்கள். வெறும் தகடு நீளுவதைக் கண் பொறுத்துக்கொள்ளும்.

குரோம் பட்டை தனி. அதை நீட்ட வேண்டாம், பழைய பின்கதவில் இருந்த பட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து இணையுங்கள்.

பிறகு பழைய பின்கதவின் இடைவெளிக் கோடுகளை அழிக்க வேண்டும். ஹீல் டூலை மேலிருந்து கீழாக இழுக்காதீர்கள். பிரதிபலிப்புகள் காரின் நீளத்தில் ஓடுகின்றன. க்ளோன் மாதிரியையும் பக்கத்திலிருந்து, அதே உயரத்திலிருந்து எடுத்து, நீளவாக்கில் தீட்டுங்கள். கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு வட்டப் பிசுக்கு மிச்சம் நிற்கும். 200 விழுக்காடு பெரிதாக்கி அதைத் தேடிப்பிடித்து அழியுங்கள். பட்டி வைத்துத் தேய்க்காத டென்ட் மாதிரி அது எப்போதும் காட்டிக்கொடுக்கும்.

ஒரு வேடிக்கையான வரலாற்றுத் துணை இங்கே உண்டு. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்த டிரயம்ஃப் ஹெரால்ட் 1959இல் இங்கிலாந்தில் வந்தபோது இரண்டு கதவுதான். தனிச் சேஸிஸ் இருந்ததால் அதன்மேல் கூப்பே, திறந்த கூரை, எஸ்டேட் (கூரை பின்முனை வரை நீண்ட கார்) என்று விதவிதமாகப் பாடி கட்டினார்கள். சென்னையில் அதைத் தயாரித்த ஸ்டாண்டர்ட் நிறுவனம், இந்தியக் குடும்பங்களுக்காக 1960களின் பிற்பகுதியில் அதே காரை நான்கு கதவாக்கியது. நாம் செய்வதன் தலைகீழ் வேலை. இரண்டின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுத்தூண் நகரும்போது பக்கக் கண்ணாடிகளின் அளவு எப்படி மாறுகிறது என்பதை நான் கற்றது அங்கேதான்.

படி 6: கண்ணாடி

அண்ணாச்சியின் முதல் கேள்வி இது. முன்கதவுக் கண்ணாடி நீண்டாலும் கீழே கதவும் நீண்டிருப்பதால் இறங்கிவிடும். பின்னால் உள்ள பக்கக் கண்ணாடிக்குக் கீழே சக்கரக் கூடு நிற்கிறது, இறங்க வழியில்லை. பழைய இரண்டு கதவு கார்கள் பலவற்றில் இதற்கு ஒரு தீர்வு இருந்தது: முன்விளிம்பில் கீல் வைத்து, பின்விளிம்பை வெளியே தள்ளித் திறக்கும் கண்ணாடி. நானும் அதையே வரைந்தேன். முன்விளிம்பில் இரண்டு சின்னக் குரோம் கீல், உள்ளே பின்விளிம்பில் ஒரு கொக்கி. மொத்தம் 20 பிக்சல்கூட இல்லை. ஆனால் காரை அறிந்தவர்களின் கண் முதலில் அங்கேதான் போகிறது.

இன்னொரு விஷயத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் சறுக்குகிறார்கள். கண்ணாடி வழியாக எதிர்ப்பக்கம் தெரியும். இந்தப் பக்கத்து நடுத்தூணை நகர்த்திவிட்டு எதிர்ப்பக்கத்துத் தூணைப் பழைய இடத்திலேயே விட்டால், கார் ஒரு பக்கம் இரண்டு கதவும் மறுபக்கம் நான்கு கதவுமாக நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஏதோ தவறு என்று மட்டும் தோன்றும். எதிர்ப்பக்கத் தூணையும் நகர்த்துங்கள். தூரம் காரணமாக அது கொஞ்சம் சிறியதாகத் தெரிவதால், இங்கே 110 நகர்த்தினால் அங்கே 98 போதும்.

கண்ணாடியை நான் நான்கு லேயராகக் கட்டுவேன். அடியில் வெளிப்பக்கச் சுவர். அதன்மேல் காரின் உள்பக்கம், சீட்டு முதுகு, ஸ்டீயரிங். அதற்கு மேல் கண்ணாடியின் லேசான பச்சைச் சாயல், பத்து விழுக்காடு. உச்சியில் வானப் பிரதிபலிப்பு, ஸ்கிரீன் மோடில் (கீழ் லேயரை வெளுப்பாக்கும் கலப்பு முறை), மேல்பக்கம் அடர்ந்து கீழே கரையும்படி. புதிய பின் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு அசல் கதவுக் கண்ணாடியின் பிரதிபலிப்பையே நகலெடுங்கள். வேறு போட்டோவிலிருந்து கொண்டுவந்தால் வேறு தெருவின் வானம் வந்துவிடும்.

படி 7: தகட்டில் வெளிச்சம்

காரின் பக்கவாட்டு ஒரு மங்கலான கண்ணாடிதான். இடுப்புக்கோட்டை ஒட்டி மேல்நோக்கிச் சாய்ந்த பரப்பு வானத்தைக் காட்டும், அதனால் வெளிர். அதற்குக் கீழே உள்ளே திரும்பும் பரப்பு தரையைக் காட்டும், அதனால் இருட்டு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் எதிர்த் தெருவின் அடிவானம் ஒரு கருத்த பட்டையாக ஓடும். முன்மட்கார்டிலிருந்து பின்மட்கார்டு வரை அந்தப் பட்டை அறுபடாமல் ஓடினால் தகடு ஒரே தகடாகத் தெரியும். எங்காவது ஒரு பிக்சல் படி ஏறி இறங்கினாலும் அங்கே ஒட்டு இருக்கிறது என்று கண் சொல்லிவிடும்.

50 விழுக்காடு சாம்பல் நிறம் நிரப்பிய ஒரு லேயரை சாஃப்ட் லைட் மோடில் (சாம்பலைவிட வெளிர் வெளுக்கும், இருட்டு கருக்கும்) மேலே வையுங்கள். அதில் ஐந்து விழுக்காடு பலத்தில் பெரிய மென்மையான பிரஷ்ஷால் வெளுப்பதும் கருப்பதும் செய்யுங்கள். அசல் பிக்சல்கள் பத்திரமாக இருக்கும். இந்தப் படிக்கு நான் ஒரு முழு மாலை ஒதுக்குவேன். இடையில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்; உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தால் படி தெரியாது.

புதிய கதவு இடைவெளிக் கோடும் இங்கேதான். அது வெறும் கறுப்புக் கோடு ஆகாது. பழைய கார்களில் அந்த இடைவெளி 4 அல்லது 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் நம் அளவில் இரண்டு பிக்சல். அதன் ஒரு ஓரத்தில், வெளிச்சம் படும் தகட்டு மடிப்பில், ஒரு பிக்சல் வெளிர்க்கோடு. மேலே கோடு சற்று மங்கும், கீழே வாசலருகே கருக்கும். மேலும், கோடு முழுவதும் ஒரே அகலமாக இருந்தால் அது நேற்று ஷோரூமிலிருந்து வந்த காராகிவிடும். ஐம்பது வயதுக் கதவு கீழே கொஞ்சம் தொங்கும். அரைப் பிக்சல் விரிந்தால் போதும்.

படி 8: தண்ணீர் வடியும் வழி

கூரையின் ஓரத்தில், கதவுக்கு மேலே, தண்ணீரை முன்னும் பின்னும் கொண்டுபோகும் ஒரு மடித்த தகட்டு விளிம்பு ஓடும். புதிய கார்களில் இது கண்ணில் படாது. இந்தக் கால கூரைகளைப் பார்த்துப் பழகியவர்கள் கூப்பே வரையும்போது முதலில் இதைத்தான் அழித்துவிடுகிறார்கள். நானும் அழித்திருந்தேன். மும்பை ஜூலையில் அந்தக் கதவைத் திறந்தால் கூரைத் தண்ணீர் முழுக்க மடியில்தான்.

புதிய கூரைக்கோட்டுக்குச் சமமாக, நான்கைந்து பிக்சல் கீழே, அந்த விளிம்பைப் பென் டூலால் வரைந்து, மேல் ஓரம் வெளிர், கீழ் ஓரம் இருட்டு என்று ஸ்ட்ரோக் கொடுங்கள். பின்தூண் வழியாக இறங்கி, டிக்கி மூடிக்கு முன்பு முடியட்டும். இந்த ஒற்றைக் கோடு வந்ததும் படத்துக்கு வயது வந்துவிடும்.

படி 9: நிறம், நிழல், கடைசிச் சரிபார்ப்பு

நிறம் மாற்ற ஆசைப்பட்டால் ஒரே வண்ணம் நிரப்பிய லேயரை கலர் மோடில் (வெளிச்சத்தை விட்டு நிறத்தை மட்டும் மாற்றும்) போட்டு, பாடி மாஸ்க்கை அதற்குக் கொடுங்கள். அந்தக் காலத்துக்குப் பளபளப்பில்லாத கெட்டி நிறங்கள் பொருந்தும்: கிரீம், பிஸ்தாப் பச்சை, வெளிர் நீலம். கறுப்பு டாக்ஸியை வெள்ளையாக்க முயல வேண்டாம், கறுப்பில் வெளிச்ச விவரமே இருக்காது. பாடிக்கு வேறு கார் தேடுங்கள்.

தரை நிழலுக்கு இரண்டு லேயர், இரண்டும் கீழிருப்பதைக் கருப்பாக்கும் மல்டிப்ளை மோடில். டயர் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய, கருத்த, கூர்மையான நிழல் ஒன்று. காருக்கு அடியில் பரந்த மங்கல் மற்றொன்று.

கடைசியில் முழுப் படத்துக்கும் ஒரே அளவு மணல்புள்ளி (நாய்ஸ்) சேருங்கள். நீங்கள் தீட்டிய இடங்கள் மட்டும் வழவழவென்று நிற்பது அடங்கும். படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் அது பத்மினி என்று தெரிய வேண்டும்.

வேறு பாடிகள்

எஸ்டேட் கட்டுவது கூப்பேயைவிட எளிது. கதவுகளைத் தொட வேண்டாம், கூரையை மட்டும் பின்னால் நீட்டி, மூன்றாவது பக்கக் கண்ணாடி வைத்தால் போதும். பத்மினிக்கு மூலமான இத்தாலிய ஃபியட் 1100இல் அந்த நிறுவனமே 'ஃபமிலியாரே' என்று ஒரு எஸ்டேட் செய்தது, அதன் படங்கள் வழிகாட்டும். பின்கதவு மேலே திறக்குமா, பக்கவாட்டில் திறக்குமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கீல் எங்கே என்பது அதைப் பொறுத்தது. திறந்த கூரை வேண்டுமென்றால் 1955இல் வந்த 1100 'டிராஸ்ஃபார்மாபிலே'யைப் பாருங்கள். ஆனால் பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, கூரையும் பாடியின் பலம்தான். கூரையை வெட்டினால் வாசலுக்குக் கீழே உள்ள தகட்டைத் தடிமனாக வரைந்துதான் அந்தப் பலத்தைத் திருப்பித் தர முடியும். 20 பிக்சல் கூட்டுங்கள்.

முக்கால் கோணப் படத்துக்குப் போகும்போது ஜிம்ப்பில் பெர்ஸ்பெக்டிவ் க்ளோன், போட்டோஷாப்பில் வானிஷிங் பாயின்ட் இரண்டும் உதவும். இடுப்புக்கோட்டையும் வாசல்கோட்டையும் நீட்டி அவை சந்திக்கும் புள்ளியைக் குறித்துக்கொண்ட பிறகே எதையும் நகர்த்துங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் ஒரே வரியில் கேட்டால் படம் வந்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. பின்னணிச் சுவரை நிரப்ப நானும் அதைப் பயன்படுத்துகிறேன். காரின்மேல் விட்டால் கிரில் பொதுவான ஏதோ ஒரு பழைய காரின் கிரில்லாகிறது, வீல் கேப் உருமாறுகிறது, சக்கர இடைவெளி நம்மைக் கேட்காமல் நகர்கிறது. 1170 பிக்சல் போனால் எல்லாம் போயிற்று.

படத்தை வெளியிடும்போது மூலையில் 'கற்பனைப் படம்' என்று படத்துக்குள்ளேயே எழுதுங்கள், வருடத்தோடு. தனியாக விளக்கத்தில் எழுதினால் முதல் பகிர்விலேயே அது உதிர்ந்துவிடும். இப்படிச் செய்த படங்கள் 'அரிய மாடல்' என்று சுற்றிவருவதை நான் பார்த்திருக்கிறேன். குர்லாவில் அந்தக் காரைக் கையால் கட்டியவர்களின் வரலாற்றில் நாம் பொய் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது படத்தை நான் ஏ3 தாளில் அச்செடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அண்ணாச்சி கையைத் துணியில் துடைத்துவிட்டு, கண்ணாடிக் கீலை முதலில் பார்த்தார், பிறகு கூரை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனார். டேப்பை எடுத்துத் தாளில் வைத்து, கதவு எத்தனை கூட்டியிருக்கிறேன் என்று கேட்டார். இருநூற்று இருபது என்றேன்.

"அப்ப கதவு கனக்குமே தம்பி. ரெண்டு கீலு தாங்காது. உள்ள தூணுக்கு ஒரு பட்டை வச்சு மூணாவது கீலு போடணும்."

பக்கத்தில் டிங்கரிங்குக்கு வந்து நின்ற ஒரு வெள்ளைப் பத்மினியின் பின்கதவில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார், சரியாக நான் தூணை நகர்த்திய இடத்தில். இருவரும் தள்ளி நின்று பார்த்தோம். கோடு கொஞ்சம் முன்னால் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அன்று இரவு லேயரைத் திறந்து பத்துப் பிக்சல் முன்னால் நகர்த்தினேன்.